தா போலே

தம்பிராஜா மலாக்காவில் ஜவுளி வியாபாரி. அவர் மனைவி சந்திரமதி, மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவரின் மகள். இப்படிப்பட்ட இருவர் ஒரே கூரையின் கீழ் குடியிருந்தால் அந்த வீட்டில் எந்தப் பேச்சும் முதல் வார்த்தையிலேயே முடிந்துவிடாது. இரவுக்கு ரசமா குழம்பா என்பதற்குக்கூட அவர் ஒன்று சொல்வார், அவள் ஒன்று கேட்பாள், அவர் எழுந்து போவதுபோல் போவார், அவள் கூப்பிடாமல் இருப்பாள், அவரே திரும்பி வருவார். கடைசியில் தான்தான் ஜெயித்தோம் என்ற திருப்தி இருவருக்குமே இருக்கும். சாப்பாடு நன்றாக இறங்கும்.

அதனால் இரண்டாவது பிள்ளையை எங்கே பெறுவது என்ற விஷயமும் பேரத்துக்குத்தான் வந்தது.

வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரியில் இடம் சொல்லி வைத்திருப்பதாகத் தம்பிராஜா ஒருநாள் அறிவித்தார். காஜா பெராங்கில் இருக்கிற தங்கள் வீட்டிலேயே, மருந்தும் இல்லாமல் மயக்கமும் இல்லாமல், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பெறப்போவதாகச் சந்திரமதி அறிவித்தாள்.

"முதல் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாமப் போச்சுல்ல? அது நல்லதுதானே?" என்றார் அவர்.

"அதுதாங்க என் குறையே," என்றாள் அவள்.

முதல் பெண் சீதா பிறந்தது ஈப்போவில், ஒரு நல்ல ஆஸ்பத்திரியில். குறை சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளை விரிப்பு, சிரித்த முகமாக நர்ஸுகள், மூக்குக்கு மேல் எதையோ பிடித்தார்கள், தித்திப்பாக ஒரு வாடை வந்தது, அவ்வளவுதான். கண் விழித்தபோது குளிப்பாட்டி, பவுடர் போட்டு, துணி சுற்றி, தொட்டிலில் ஒரு பெண் குழந்தை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. "இந்தாம்மா, உன் மக," என்றார்கள். சந்திரமதி நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது? ஆனாலும் பல்லைப் பிடித்துப் பார்க்காமல், நடக்கவிட்டுப் பார்க்காமல், கட்டின கயிற்றோடு மாட்டை வீட்டுக்கு ஓட்டி வந்தவளைப்போல் உள்ளுக்குள் ஏதோ ஒன்று உறுத்தியது. தரகர் மகளுக்கு வரக்கூடாத உறுத்தல் அது.

உறுத்தலோடு போயிருந்தால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் பெண்கள் கூடுவார்கள். கூடினால் பேச்சு எங்கே சுற்றினாலும் பிள்ளைப்பேற்றில் வந்து நிற்கும். நகைக்கடைக்காரர் மனைவி பாக்கியலட்சுமி தன் மூன்று பிரசவத்தையும் மூன்று விதமான குரலில் சொல்லுவாள். மூன்றாவதைச் சொல்லும்போது தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றுவிடுவாள். ஒருநாள் அவள், "உனக்கு எப்படிடி இருந்துச்சு?" என்று சந்திரமதியைக் கேட்டாள்.

"தூங்கிட்டேன்க்கா."

"தூங்கிட்டியா? ஏண்டி, நீ பிள்ளை பெத்தியா, இல்ல பஸ்ஸுல ஈப்போவுக்குப் போயிட்டு வந்தியா?"

கோயில் மணியையும் மீறிச் சிரிப்பு எழுந்தது. சந்திரமதியும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அடுத்தது வரும்போது நான் விழித்திருப்பேன். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை என்ன நடக்கிறதென்று என் கண்ணால் பார்ப்பேன். சொல்வதற்கு என்னிடமும் ஒன்று இருக்கும்.

தம்பிராஜா எளிதில் இறங்கவில்லை. "நீ வலியில கத்துறதை என்னால கேக்க முடியாது புள்ள."

"கேக்காதீங்க. கடையில போய் உக்காருங்க."

"உக்காந்தா கெஜம் தப்பிரும். ஒருத்தனுக்குக் கூடப் போகும், ஒருத்தனுக்குக் கொறையும்."

இரண்டாம் பிள்ளை, தலை சரியாகத் திரும்பியிருக்கிறது, ரத்தமும் நன்றாக இருக்கிறது, வீட்டிலேயே பெறலாம் என்று சர்க்கார் கிளினிக்கில் பார்த்துச் சொல்லிவிட்ட பிறகு அவர் கொஞ்சம் இளகினார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். வாசலில் சுப்பையனின் வாடகைக் கார் நிற்கும். சந்திரமதி "அம்மா" என்று ஒரு சத்தம் போட்டால் போதும், கார் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடும்.

"கதவு இடுக்குல விரல் மாட்டினாலும் அம்மாதான். அது செல்லாது," என்றாள் சந்திரமதி.

"சரி, ஐயோன்னு சொன்னா?"

"நீங்க வாங்கிட்டு வர்ற மீனைப் பார்த்தாலே நான் ஐயோன்னுதான் சொல்றேன்."

"அப்ப எதைத்தான் குடுப்பே?"

சந்திரமதி யோசித்தாள். "முடியலைன்னு சொன்னாக் கூட்டிட்டுப் போங்க."

"ஒரு தடவை சொன்னாலே?"

"ஒரு தடவை சொன்னாலே."

தம்பிராஜாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்று தடவை என்று கேட்பாள், இரண்டில் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். எதிராளி முதல் கேட்பிலேயே ஒத்துக்கொண்டால் பொருளில் ஏதோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல் அந்தச் சொல்லைத் திருப்பிப் பார்த்தார். ஓட்டை எதுவும் தெரியவில்லை. "சரி," என்றார். உண்மையில் அந்த நேரத்தில் சந்திரமதிக்கும் எந்த ஓட்டையும் தெரிந்திருக்கவில்லை.

இங்கே சந்திரமதியின் மலாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கப்பலிலிருந்து இறங்கின புதிதில் அவள் பாசாருக்குப் போய் ஒரு கூறு மீனுக்கு விலை கேட்டாள். மீன்காரன் ஒன்று சொன்னான், அவள் விரலைக் காட்டி ஒன்று கேட்டாள், அவன் தலையை ஆட்டி, "தா போலே," என்றான். மலாய்க்காரன் வாயில் அதற்கு அர்த்தம் முடியாது, கட்டாது என்பது. தமிழ்க் காதில் 'தா' என்று விழுந்தால் அது 'கொடு' அல்லவா? வியாபாரம் படிந்துவிட்டது என்று சந்திரமதி காசை நீட்டினாள். அவன் அதைத் தள்ளிவிட்டு மறுபடியும், "தா போலே," என்றான். தா என்று கேட்கிறான், கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறான், இதென்ன ஊர் என்று அவள் விழித்தாள். அரைமணி நேரம் இப்படி நடந்து, பாசாரே கூடிச் சிரித்தது.

அதற்குப் பிறகு அவள் மலாய் கற்றுக்கொண்டாள். ஆனால் பாசாரில் கற்ற மலாய் பாசாருக்கு வேண்டிய அளவே வளர்ந்தது. எவ்வளவு, குறை, கூட்டு, இன்னும் கொஞ்சம், போதும், தா போலே. இந்த ஐந்தாறு சொற்களை வைத்து அவள் எந்தக் கூடையையும் காலி செய்துவிடுவாள். வானம், துக்கம், காதல் என்பதற்கெல்லாம் மலாயில் என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாது. விலைக்கு வராத சரக்கு.

இந்த மலாயை நம்பித்தான் அவள் பிள்ளை பெற இறங்கினாள். காரணம், மருத்துவச்சி மீனாச்சிக்குத் தமிழ் தெரியாது.

மீனாச்சி பக்கத்துக் கம்போங் செட்டியைச் சேர்ந்தவள்; பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து, மலாயே தாய்மொழியாகிப்போன தமிழர்களின் குடியிருப்பு அது. நெற்றியில் திருநீறு, இடுப்பில் பத்தேக் சாரோங், மேலே பூவேலை செய்த கெபாயாச் சட்டை, கொண்டையில் ஊசி. வீட்டுச் சாமி அறையில் மாரியம்மன் இருப்பாள். வாயைத் திறந்தால் முழுக்க மலாய். நடுநடுவே ஊறுகாய்த் துண்டுபோல் ஒரு 'தங்கச்சி', ஒரு 'அக்கா' வரும். சர்க்கார் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினவள். கறுப்புத் தோல் பையை மிதிவண்டியின் கூடையில் வைத்துக்கொண்டு வந்தால் காஜா பெராங்கில் லாரிகூட ஒதுங்கி நிற்கும். எல்லோரும் அவளை 'பிபிக்', அதாவது பெரியம்மா, என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு இருந்த ஒரே பலவீனம் செர்க்கிச் சீட்டு. மருந்துப் பையின் பக்கவாட்டில் கத்திரிக்கோலுக்கு அருகிலேயே ஒரு கட்டு இருக்கும்.

மலாயா சுதந்திரம் அடைகிற அன்றைக்கே பிள்ளை பிறந்துவிடும் என்று தம்பிராஜா ஆசைப்பட்டார். கடை வாசலில் தோரணம் கட்டி, பெயரைக்கூட யோசித்து வைத்தார். பிள்ளை மசியவில்லை. கொடி ஏறி, ஊர்வலம் போய், காகிதத் தோரணமெல்லாம் மழையில் சாயம் போய்த் தொங்கின பிறகு, ஒரு சாதாரண புதன்கிழமை காலையில், இட்லிக்குச் சட்னி அரைக்கும்போது, சந்திரமதியின் இடுப்பில் யாரோ கயிறு போட்டு இழுத்ததுபோல் இருந்தது.

முதலில் அது வலியாகவே இல்லை. எங்கிருந்தோ கிளம்பி வந்தது, இடுப்பைச் சுற்றி இறுக்கிப் பார்த்தது, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் போய்விட்டது. வாங்கலாமா வேண்டாமா என்று துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிற வாடிக்கையாளனைப்போல. சந்திரமதி சட்னியை அரைத்து முடித்தாள். சீதாவுக்கு ஊட்டிப் பக்கத்து வீட்டில் விட்டாள். தலை குளித்தாள். அதற்குள் அந்த வாடிக்கையாளன் மூன்று நான்கு முறை திரும்பி வந்துவிட்டான். இது தொட்டுப் பார்த்துப் போகிற ஆளில்லை, வாங்காமல் போகமாட்டான் என்று தெரிந்த பிறகுதான் கணவரிடம் சொன்னாள்.

தம்பிராஜா கடையைத் திறக்கவில்லை. சுப்பையன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். மீனாச்சி வந்து, கை கழுவி, கொதிக்கவைத்த தண்ணீர், துணி எல்லாவற்றையும் பார்த்தாள். தம்பிராஜா அவளை நிறுத்தி வைத்துப் பேரத்தை மலாயில் விளக்கினார். "முடியலை" என்ற சொல்லைத் தமிழில் இரண்டு தடவை சொல்லிக் காட்டினார், சாட்சி சரியாக இருக்க வேண்டும் என்று. மீனாச்சி அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "மூடியாலே?" என்றாள். "ஆமாம், அதேதான்," என்றார். கதவு சாத்தப்பட்டது.

உள்ளே மீனாச்சி, சந்திரமதி கட்டியிருந்த சாரோங்குக்குக் கீழே கையை விட்டுப் பார்த்து, வெளியே எடுத்து இரண்டு விரலைக் காட்டினாள். வழி இரண்டு விரல் திறந்திருக்கிறது. ஐந்து விரல் ஆகவேண்டும்.

சந்திரமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. மணப்பாறைச் சந்தையில் அவள் அப்பாவும் இப்படித்தான் துண்டுக்குள் கையை விடுவார். விற்பவன் கையும் வாங்குபவன் கையும் துண்டுக்கு உள்ளே இருக்கும். எந்த விரலைப் பிடிக்கிறார்கள் என்பதில்தான் விலை. வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. முகங்கள் இரண்டும் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். இதை எப்படியாவது மீனாச்சிக்குச் சொல்லிவிட வேண்டும் என்று சந்திரமதி தன் மலாயை எல்லாம் வழித்து எடுத்தாள். அப்பா, மாடு, விற்பனை, விரல்.

மீனாச்சி அவள் நெற்றியைத் தடவி மலாயில் சொன்னது இதுதான்: "மாட்டை அப்புறம் விற்கலாம், தங்கச்சி. முதலில் பிள்ளை."

பிறகு இருவரும் செர்க்கி ஆடினார்கள். சந்திரமதிக்கு ஆட்டம் தெரியாது. மீனாச்சி சொல்லிக் கொடுத்துக்கொண்டே ஜெயித்தாள். வலி வரும்போது சந்திரமதி சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை முன்னும் பின்னும் அசைத்து, வாயால் ஊதுவாள். மீனாச்சி அவள் முதுகின் அடிப்பகுதியில் உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பாள். வலி போனதும் இருவரும் உட்கார்வார்கள். தான் எழுந்து போகும்போதெல்லாம் கவிழ்த்து வைத்த சீட்டு கொஞ்சம் இடம் மாறியிருப்பதைச் சந்திரமதி கவனித்தாள். ஏமாற்றத் தெரிந்தவள் கையில்தான் பிள்ளை பெறுவதற்குத் தைரியமாக இருந்தது.

மூன்று விரல் ஆனது. மத்தியானத்தில் மழை பிடித்தது. பனிக்குடம் உடைந்து வெதுவெதுப்பாகக் காலில் இறங்கியது. அதற்குப் பிறகு சீட்டாட்டம் இல்லை.

இப்போது வலிக்கு ஒரு உருவம் வந்துவிட்டது. முதுகெலும்பின் அடியில் பிறந்து, இரண்டு பக்கமும் வளைந்து, வயிற்றின் முன்னால் வந்து கைகோத்து இறுக்கும். உச்சியில் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு படிப்படியாக இறங்கும். இறங்கின பிறகு வருகிற ஓய்வு இருக்கிறதே, அதைப்போல் ஒரு சுகத்தைச் சந்திரமதி அதுவரை அனுபவித்ததே இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவள் தூங்கினாள், கனவுகூடக் கண்டாள், பாதியில் எழுப்பப்பட்டாள். வலியை எதிர்த்து உடம்பை முறுக்கினால் அது இருமடங்கு கேட்கிறது, தோளைத் தளர்த்தி விட்டுக்கொடுத்தால் சொன்ன விலைக்கே போய்விடுகிறது என்பதைத் தானே கண்டுபிடித்தாள். அந்தக் கண்டுபிடிப்பில் அவளுக்கு ரகசியமான சந்தோஷம். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே என்றுகூடத் தோன்றியது.

நான்கு விரலுக்கு மேல் போனபோது அந்தக் கண்டுபிடிப்பு செல்லாமல் போய்விட்டது. ஒரு வலி முழுக்க இறங்குவதற்குள் அடுத்தது ஏறியது. தொடைகள் தாமாக நடுங்கின. காலையில் தின்ற இட்லி வெளியே வந்தது. "நான் வீட்டுக்குப் போறேன் பிபிக், என்னை விடுங்க," என்று தமிழில் அழுதாள், தன் வீட்டில் தன் அறையில் நின்றுகொண்டே. நெஞ்சிலிருந்து அந்தச் சொல் கிளம்பித் தொண்டைக்கு வந்தது.

"மு..." என்றாள். பல்லைக் கடித்தாள். "மு... முருகா!"

வெளியே தம்பிராஜா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்ன சொன்னா?"

"சாமி கும்பிடுறாங்க லா மொதலாளி," என்றான் சுப்பையன். "உக்காருங்க."

"மு-வுல ஆரம்பிச்சா பாரு."

"முருகனும் மு-வுலதான் ஆரம்பிக்கிறாரு. அவரு என்னா செய்வாரு?"

அடுத்தடுத்து நான்கைந்து முருகா வந்தது. மலாக்காவில் தைப்பூசத்துக்குக்கூட அவ்வளவு உருக்கமாக யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் 'மு'வுக்கும் 'ரு'வுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. உள்ளே சந்திரமதி அந்த இடைவெளியில்தான் தொங்கிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டால் கார், படுக்கை, மூக்குக்கு மேல் தித்திப்பு வாடை, பிறகு பவுடர் போட்ட பிள்ளை. சொல்லாமல் அடைத்து வைத்தால் மூச்சும் சேர்ந்து அடைத்தது, உடம்பு இரும்பாக இறுகியது, பிள்ளை ஒரு அங்குலம் நகரவில்லை.

மீனாச்சி அதைத்தான் கவனித்தாள். சந்திரமதியின் கீழ்த்தாடையைப் பிடித்து, வாயைத் திறக்கச் சொல்லி ஆட்டினாள். வாயை மூடினால் கீழேயும் மூடிக்கொள்ளும் என்று சைகையில் காட்டினாள். சந்திரமதி தலையை ஆட்டி, கதவைக் காட்டி, வாயைப் பொத்திக்கொண்டாள்.

மீனாச்சிக்குப் புரிந்தது. கதவைப் பார்த்தாள். சந்திரமதியைப் பார்த்தாள். செர்க்கிச் சீட்டை நகர்த்தும்போது அவள் முகத்தில் இருந்த அதே களை வந்தது. குனிந்து காதருகே மலாயில் சொன்னாள்:

"அவர் விலைக்கு வாங்கினது தமிழ்ச் சொல், தங்கச்சி. என் பாஷையைப் பற்றி அவர் பேசவே இல்லையே. தா போலே. சொல்லு. பலமாகச் சொல்லு."

பேச்சில் பாதிதான் சந்திரமதிக்குப் புரிந்தது, ஆனால் தா போலே முழுக்கப் புரிந்தது. அடுத்த வலி ஏறிக்கொண்டிருந்தது.

"தா போலே!" என்றாள்.

வாய் திறந்தது. தொண்டை திறந்தது. அடைபட்டுக் கிடந்த மூச்சு அடிவயிற்றிலிருந்து ஓசையோடு கிளம்பியது. "தா போலே! தா போலே! தா போஓஓலே!" என்று சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மழைக்கும் தெருவுக்கும் கேட்கும்படி கத்தினாள். கத்தக் கத்த இடுப்பு இளகியது. அதே வலிதான், ஒரு குன்றிமணியும் குறையவில்லை, ஆனால் இப்போது அது போக ஒரு வழி இருந்தது. எத்தனை பாசாரில் எத்தனை பேர் அவளிடம் இந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள்! தா போலே என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனவன் எவனும் இல்லை. படியப்போகிற வியாபாரத்தில்தான் அதைச் சொல்வார்கள். சொல்லிவிட்டு எதிராளியின் முகத்தைப் பார்ப்பார்கள்.

வெளியே தம்பிராஜா கதவுக்கே வந்துவிட்டார். "சொல்லிட்டா! சுப்பையா, காரை எடு!"

"என்னா சொன்னாங்க?"

"தா போலேன்னு கத்துறா, ஊருக்கே கேக்குது, உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு. பேசினது அந்த வார்த்தை இல்லையே."

"ரெண்டும் ஒண்ணுதான்டா! முடியலைங்கிறதைத்தான் மலாய்ல சொல்றா!"

"மொதலாளி," என்றான் சுப்பையன் நிதானமாக, "பட்டுச் சேலைன்னு பேசி முடிச்சுட்டு, ரெண்டும் துணிதானேன்னு நூல் சேலையை மடிச்சுக் குடுத்தா, உங்க கடையில ஒத்துக்குவீங்களா?"

வியாபாரியாகத் தோற்றுவிட்டது தம்பிராஜாவுக்கே தெரிந்தது. ஆனால் உள்ளேயிருந்து வந்த அந்தச் சத்தம் வியாபாரியைக் கூப்பிட்ட சத்தமாக அவருக்குப் படவில்லை. கதவில் நெற்றியை வைத்தார். குரல் இறங்கிப்போய்விட்டது.

"சந்திரா. பேரத்தை விடு. நெசமாச் சொல்லு. உனக்குப் போகணுமா?"

உள்ளே வலி இறங்கிக்கொண்டிருந்தது. சந்திரமதிக்கு அந்தக் கேள்வி நன்றாகக் கேட்டது. கல்யாணமானதிலிருந்து பதில் விலையை மனசில் வைத்துக்கொள்ளாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அதனால் அவளும் தன்னிடம் ஒரு தடவை கேட்டுப் பார்த்துக்கொண்டாள். முதுகு உடைந்தது போல் இருந்தது. கால்கள் யாருடையவையோ போல் இருந்தன. இருந்தும் உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் அவள் முழுசாக, தெளிவாக, வேடிக்கை பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வேணாங்க," என்றாள். "நான் இங்கேயே இருக்கேன். நல்லாத்தான் இருக்கேன். நீங்க அங்கேயே நில்லுங்க, எங்கேயும் போகாதீங்க."

"நிக்கிறேன்," என்றார் அவர்.

மீனாச்சி கையை வெளியே எடுத்து, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்தது வேறு வேலை. அதுவரை வலி வந்து அவளைப் பிடித்தது. இப்போது உடம்பே எதையோ பிடித்துக் கீழே தள்ள ஆரம்பித்தது. தள்ளாதே என்று சொன்னால் கேட்காது, நிறுத்த அவளுக்கு அதிகாரமும் இல்லை. சந்திரமதி தரைப் பாயில் குந்தினாள். பின்னால் மர அலமாரி, முன்னால் மீனாச்சியின் தோள். மீனாச்சி அடுத்தடுத்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "லாகி சிக்கிட். லாகி சிக்கிட்." இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். வெண்டைக்காய்க்கும் நெத்திலிக்கும் சந்திரமதி இத்தனை வருஷமாகக் கேட்ட அதே சொல். இப்போது அவளிடம் கேட்டார்கள். அவள் கொடுத்தாள். கொடுத்த பிறகும் அவளிடம் மீதி இருந்தது, அதுதான் ஆச்சரியம்.

பிறகு நெருப்பு வளையம்போல் ஒரு எரிச்சல். மீனாச்சி அவசரமாக, "நிறுத்து, ஊது, ஊது," என்று கன்னத்தை உப்பிக் காட்டினாள். சந்திரமதியின் கையைப் பிடித்துக் கீழே கொண்டுபோய் வைத்தாள். விரல் நுனியில் ஏதோ பட்டது. ஈரமாக, சூடாக, மெத்தென்று, நடுவில் ஒரு சுருக்கம், அதன்மேல் முடி. தலை. பாதி உள்ளே, பாதி உலகத்தில். அவளைத் தவிர வேறு யாரும் இன்னும் தொடாத தலை. சந்திரமதி கத்தவில்லை. "அடப் பயலே," என்று மட்டும் மெல்லச் சொன்னாள்.

அடுத்த இறுக்கத்தில் தலை முழுக்க வந்தது. ஒரு கணம் எல்லாம் நின்றது. அந்தத் தலை தானாகவே பக்கவாட்டில் மெதுவாகத் திரும்பியது, அவசரமே இல்லாமல், கூட்டத்தில் யாரையோ தேடுவதுபோல. சந்திரமதி குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு தோள், இன்னொரு தோள், அப்புறம் மீன் நழுவுவதுபோல் மிச்சம் எல்லாம் ஒரே வழுக்கலில். மீனாச்சி கையில் ஏந்தி, அப்படியே தூக்கிச் சந்திரமதியின் மார்பில் கிடத்தினாள். நீலமும் சிவப்புமாக, வெள்ளைப் பிசின் பூசி, துடிக்கிற கொடியோடு, சூட்டோடு. பவுடர் இல்லை. அது முகத்தைச் சுளித்து, வாயைச் சதுரமாகத் திறந்து, முதல் சத்தத்தை அவள் கழுத்துக்கு அருகில் போட்டது. அந்தச் சத்தம் காதுக்கு வருமுன்னே எலும்பில் கேட்டது.

கதவுக்கு வெளியே தம்பிராஜா மழையில் நனைந்தவர்போல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழை அவர்மேல் படவே இல்லை. சுப்பையன் போய்க் காரைத் திருப்பித் தெருவோரமாக நிறுத்தினான்.

கொடியை அறுத்து, நச்சுக்கொடி முழுசாக வந்துவிட்டதா என்று விரித்துப் பார்த்து, சந்திரமதியைத் துடைத்து, அடிவயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிய பிறகுதான் மீனாச்சி கதவைத் திறந்தாள். அவள் கெபாயாவின் ஒரு கை முழுக்க ஈரம். "ஆண்," என்று மலாயில் சொல்லிவிட்டு, தனக்குச் சீனி தூக்கலாகக் காப்பி வேண்டும் என்றாள். சுப்பையன் கடைக்கு ஓடினான்.

தம்பிராஜா உள்ளே வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். பையனைப் பார்த்தார். விரலால் கன்னத்தைத் தொடப்போய், தொடாமல் எடுத்துக்கொண்டார். சந்திரமதியைப் பார்த்தார். தலைமுடி ஒட்டி, உதடு வெடித்து, கண்ணில் ரத்தம் கட்டி, பெரிய திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்தவளைப்போல் இருந்தாள். பசிக்கிறது என்றாள். அவர் ரசம் சாதம் பிசைந்து கொண்டுவந்தார். அவள் முழுக்கச் சாப்பிட்டாள், தட்டை வழித்தாள்.

"எப்படி இருந்துச்சு புள்ள?" என்று கேட்டார். வாய் வார்த்தைக்குத்தான் கேட்டார். 'நல்லாயிருந்துச்சு', 'கஷ்டமா இருந்துச்சு' என்று ஏதாவது ஒன்று வரும், கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து சீதாவைக் கூட்டி வரலாம், சாயங்காலமாவது கடையைத் திறக்கலாம் என்று நினைத்திருந்தார்.

சந்திரமதி பையனை இடது கைக்கு மாற்றிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமினாள்.

"காலையில சட்னி அரைச்சுக்கிட்டு இருந்தேன்," என்று ஆரம்பித்தாள். "தேங்காய் இன்னும் சரியா மசியலை. அப்ப இடுப்புல, இந்த எடத்துல, கயிறு போட்டு இழுத்த மாதிரி..."

தம்பிராஜா கேட்டுக்கொண்டிருந்தார். அவள் எதையும் விடவில்லை. முதல் வலி, இரண்டாவது வலி, தலை குளித்தது, மீனாச்சி சீட்டை நகர்த்தியது, ஒவ்வொன்றையும் எடுத்து, பிரித்து, விரித்துக் காட்டினாள். மழை நின்று வெயில் அடித்தது. சுப்பையன் காப்பியோடு வந்து, நிலைப்படியில் நின்றபடியே அவனும் கேட்க ஆரம்பித்தான். மீனாச்சி ஒரு வார்த்தையும் புரியாமல், எல்லாம் புரிந்தவள்போல் தலையை ஆட்டிக்கொண்டு காப்பியை உறிஞ்சினாள். பனிக்குடம் உடைந்த இடத்துக்கு வந்தபோது தம்பிராஜாவுக்குக் கடை ஞாபகம் வந்துவிட்டது.

"சரி, அப்புறம் பிறந்துட்டான்," என்றார்.

"எங்கே பிறந்தான்? இன்னும் எவ்வளவோ இருக்கு," என்றாள் சந்திரமதி. பையன் அவள் மார்பில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். "குறுக்கே பேசாம கேளுங்க."